ஆள் வருது

வேறொருவருக்காகப் பிடித்து வைத்த சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்துகொண்டு, அது எனக்காகப் பிடித்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். பெருமைப்பட்டதோடு விட்டேனா, வீட்டில் வேறு சொன்னேன். "ரயில்ல ஒரு மாமா இருக்காரும்மா. நான் போறதுக்கு முன்னாடியே எனக்கு எடம் புடிச்சு வச்சிருப்பாரு." என் அம்மா முகம் தெரியாத அந்த மனிதருக்காக வெள்ளிக்கிழமைகளில் ஒரு கும்பிடு சேர்த்துப் போட்டாள்.

நடந்தது இதுதான். எனக்கு அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்தில் எழுத்தர் வேலை. வீடு கடலூரில். காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சிதம்பரம் போகும் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். அப்போது மீட்டர் கேஜ் ரயில். அது எவ்வளவு தாமதமாக வந்தாலும் அதைவிடத் தாமதமாகப் போய்ச் சேரும் திறமை எனக்கு இருந்தது. மாமா முன்பே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எதிர் சீட்டில் பச்சைக்கரை போட்ட துண்டு விரித்திருக்கும். யாராவது உட்காரப் போனால், "ஆள் வருது" என்பார். நான் மூச்சிரைக்க ஏறி, "தேங்ஸ் மாமா" என்று துண்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த ஸ்டேஷன் முதுநகர். அங்கே பிரகாசம் ஏறுவார். உடனே இவர் எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, சிதம்பரம் வரை நின்றுகொண்டே வருவார்.

இவருக்கு மூலம், பாவம், உட்கார முடியவில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருநாள் அக்கறையாக வைத்தியமும் சொன்னேன். "துத்திக் கீரைய வெளக்கெண்ணெயில வதக்கிச் சாப்புடுங்க மாமா. ஒரே வாரத்துல கேக்கும்."

"சரி மச்சான்" என்றார்.

பிரகாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கரிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அது டீசல் இன்ஜின்.

மாமாவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் அவர் வீடு இருக்கும் செம்மண்டலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பழி என்மேல் வராது. பிரகாசம் என்பதும் நான் வைத்த பெயர்தான். மாமாவுக்கும் எனக்கும் உறவு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருவரை மாமா என்று கூப்பிட உறவு தேவையில்லை, வயது கூட இருந்தால் போதும். பதிலுக்கு அவர் என்னை மச்சான் என்பார். அவருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான், பரீட்சைப் பிரிவில் வேலை. பயிர் வைத்த குடும்பம், அவர் காலத்தில் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அடர்ந்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. பேச்சு மட்டும் ரேஷனில் அளந்ததுபோல வரும். பிரகாசம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஸ்டோர் பார்த்தார். முதுநகரில் மாதா கோயில் தெருவில் வீடு. கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு தங்கைகள்.

இவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. "வாங்க சார்." "வரேன் சார்." அவ்வளவுதான். பேப்பரைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு பாதி படிப்பார்கள். பரங்கிப்பேட்டை வந்ததும், யாரும் சொல்லாமலே, பாதிகள் கைமாறும். காலையில் மாமா எப்போதும் மேற்குப் பக்க ஜன்னலைப் பிடிப்பார், மாலையில் திரும்பும்போது கிழக்குப் பக்கம். பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அப்படிப் பிடித்தால்தான் பிரகாசம் முகத்தில் வெயில் விழாது.

என் கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தியில் மாமா உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை. என் மனைவியின் பெரியப்பா, ஊரில் பெரிய மனுஷர், இடம் தேடி அங்கே வந்து நின்றார்.

"எந்திரிய்யா, கர்ச்சீப்ப எடு."

"ஆள் வருது."

"எந்த ஆளு? நான் பொண்ணுக்குப் பெரியப்பா!"

"தெரியுமுங்க. மெஸ்ல மதியச் சாப்பாட்டுக்குச் சாமான் எடுத்துக் குடுத்துட்டு வரணும் இல்ல, அதான் லேட்டு."

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோபித்துக்கொண்டு இரண்டாம் பந்திக்குப் போனார். இரண்டாம் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. பிரகாசம் வேர்க்க விறுவிறுக்க வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் கல்யாணப் பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். என் மனைவி இன்றைக்கும் என்மேல் கோபம் வந்தால் அந்தப் பாயசத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

இப்படி ரயிலிலும் பந்தியிலும் அந்த ஓர் ஆளுக்கு இடம் பிடிக்கத் தெரிந்தவருக்கு, சொந்த வீட்டில் மட்டும் இடம் பிடிக்க முடியவில்லை. காரணம் அக்கா.

அவருடைய அக்கா கணவர் இறந்தபிறகு செம்மண்டலம் வீட்டுக்கே வந்துவிட்டவர். வீடு அவர் ராஜ்யம். குரல் எழுந்தால் தெருமுனை டீக்கடையில் பாய்லர் அணையும். பிரகாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அக்கா அவரை உள்ளே கூப்பிட மாட்டார். போர்ட்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்படும். அவரிடம் நேராகப் பேசவும் மாட்டார். "அந்த ஆளு காப்பி குடிக்குமா கேளு" என்று தம்பியிடம் கேட்பார், அந்த ஆள் இரண்டடி தூரத்தில் இருப்பார். மாமா சண்டை போடவில்லை. உள்ளே போய் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து பிரகாசத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தானும் வெளியே உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தால் இரண்டு நாற்காலிகளும் சுவரோரம் நகரும். உள்ளே மட்டும் போகாது.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ அவன் கூடத்தான டெய்லி போற? அவன் மனசுல எவளாச்சும் இருக்காளா?"

"தெரியலக்கா."

"கேட்டுச் சொல்லு. இல்லன்னா நானே பாக்கறேன். எனக்கு அப்பறம் அவனுக்கு யாரு இருக்கா?"

மறுநாள் ரயிலில் கேட்டேன். பிரகாசம் இன்னும் ஏறவில்லை.

"மாமா, மனசுல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்கு மச்சான்."

"யாரு?"

"வருது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரயில் முதுநகர் பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? நான் அக்காவிடம் போய், "ஒண்ணும் பிடி குடுக்க மாட்டேங்கறாருக்கா" என்றேன்.

அப்புறம் அக்காவும் நானும் பெண் பார்க்கக் கிளம்பினோம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், புவனகிரி. மாப்பிள்ளை எந்த வீட்டுக்கும் வரவில்லை. அவர் பங்கு சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் நானே தின்றேன். அந்தப் பெண் தேடலில் உருப்படியாக நடந்தது என் இடுப்புச் சுற்றளவு கூடியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் பிரகாசம் மெஸ்ஸில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு குவைத் போனார். ஒரு கம்பெனி கேம்ப்பில் சமையல் கான்ட்ராக்ட். தங்கைகள் கல்யாணத்தை முடிக்க வேறு வழியில்லை. மறுநாளிலிருந்து துண்டு சீட்டில் விழவில்லை, மாமா தோளிலேயே கிடந்தது. யார் வேண்டுமானாலும் எதிரே உட்காரலாம். முழுப் பேப்பரையும் அவரே வைத்திருப்பார், பக்கம் திரும்பாது. நான் அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். மனுஷன் இப்போதுதான் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார் என்று.

வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் அவர் சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போவார். துணைக்கு நானும் போவேன். கண்ணாடிக் கதவுக்குள் நின்று, "சாப்டீங்களா?" என்பார். பிறகு "ம்." நீண்ட நேரம் கழித்து இன்னொரு "ம்." வெளியே வரும்போது முகம் அபிஷேகம் முடிந்த சாமிபோல இருக்கும்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குவைத்தில் ஒரு நர்ஸ்! மறுநாளே ரயில் முழுக்கச் சொல்லிவிட்டேன். சீசன் டிக்கெட் கூட்டம் அவரைச் சும்மா விடுமா?

"இன்னா மாமா, நர்ஸம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"எப்ப வராங்க?"

"கான்ட்ராக்ட் முடியணும் இல்ல."

"சமையல்லாம் தெரியுமா மாமா?"

"அதெல்லாம் பிரமாதமா வரும்" என்றார். சிரிக்கவே இல்லை.

இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அவருக்குத் தன் ஆளைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச வாய்த்த காலம் அது ஒன்றுதான். அதற்காகவாவது என் முட்டாள்தனம் உபயோகப்பட்டதே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒருநாள் காலை நான் ரயிலேறினால் எதிர் சீட்டில் துண்டு விரித்திருக்கிறது. மாமா மீசையில் கறுப்பு மை புதிதாகப் பளபளக்கிறது. நர்ஸம்மாவைப் பார்க்கப் பெட்டியே எழுந்து நின்றது. முதுநகரில் பிரகாசம் ஏறினார். கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் இளைத்து, அரபு நாட்டு அத்தர் வாசனையோடு.

நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். "பின்னாடி யாராச்சும் வராங்களா சார்?"

"இல்லியே. நான் மட்டுந்தான்" என்றார் பிரகாசம்.

"வாங்க சார்" என்று மாமா துண்டை எடுத்தார். அன்றைக்கு நான் அந்த சீட்டில் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. உடம்புக்குப் புரிந்தது மூளைக்கு வந்து சேரச் சில வருஷம் ஆகும் எனக்கு.

பிறகு தண்டவாளத்தை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பஸ்ஸுக்கு மாறினோம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே அவர் துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய்விடும். ஒரு கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நிக்க எடமில்லாம ஜனங்க தொங்குது. துண்டுக்கு டிக்கெட் வாங்குனியா?"

"குடுங்க" என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே இரண்டு டிக்கெட் வாங்கினார். முதுநகர் வரை துண்டு டிக்கெட்டோடு பயணம் செய்தது. அந்தக் கண்டக்டர் பிறகு அவர் கேட்காமலே இரண்டு கிழிப்பார்.

அந்த பஸ்ஸில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. ஒரு மாலை, சிதம்பரத்திலிருந்து திரும்புகிறோம். பிரகாசம் மாமா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முதுநகர் வந்தது, போனது.

நான் பின்சீட்டிலிருந்து தட்டினேன். "மாமா, அவரு எறங்கலியே!"

"தூங்கறாரு மச்சான்" என்றார்.

உலகத்தில் அதைவிடப் பெரிய காரணம் கிடையாது என்பதுபோல. கை மரத்துப்போயிருக்க வேண்டும், விரல்களை மட்டும் மெல்ல மூடித் திறந்தார். கடலூர் போய், எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, டவுன் பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் முதுநகரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்ததை என் கல்யாண ஆல்பத்தில் என் முகத்தில் தேடிப் பார்த்தேன். அதில் நான் இலை எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா ரிட்டயர் ஆகும் நாள் வந்தது. எங்கள் ஆபீஸ் வழக்கப்படி மேடையில் இரண்டு பெரிய நாற்காலிகள் போடுவோம். ரிட்டயர் ஆகிறவரும் அவர் சம்சாரமும் ஜோடியாக உட்கார, ஜோடி மாலை போட்டு, சால்வை போர்த்தி, காரில் வீடுவரை கொண்டுபோய் விட்டு வருவோம். தொகுத்து வழங்குவது எப்போதும் நான்தான். மைக் கையில் கிடைத்தால் என்னை நிறுத்த மின்சார வாரியம்தான் வரவேண்டும்.

இவருக்குச் சம்சாரம் இல்லையே, அதனால் ஒரே நாற்காலி போடச் சொல்லிக் கவனமாக ஏற்பாடு செய்தேன். வாயில் ஒன்றும் தப்பாக வந்துவிடக் கூடாது என்று வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்தேன். பூக்கடையை மட்டும் மறந்துவிட்டேன். ரிட்டயர்மென்ட் என்று சொன்னதும் பூக்கடைக்காரர் பழக்கத்தில் ஜோடி மாலை கட்டி அனுப்பிவிட்டார். ஒன்றை அவருக்குப் போட்டாகிவிட்டது. இன்னொன்று தட்டில் அப்படியே கிடக்கிறது. முன்வரிசையில் அக்கா. கடைசி வரிசையில், கதவோரம், மெஸ்காரர்களோடு பிரகாசம். எல்லோர் கண்ணும் தட்டில் இருக்கிறது.

அந்த இடத்தில் புத்தியுள்ளவன் தட்டை நகர்த்தியிருப்பான். நான் மைக்கைப் பிடித்து, "ஒரு மாலை மிச்சம் இருக்குங்க! பொண்ணு யாராச்சும் ரெடியா?" என்றேன்.

அரங்கம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. எழுந்தார். நேராக வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மீட்டிங்கிலும் வாய் திறக்காதவர்.

"பிரகாசம்" என்றார். 'சார்' இல்லாமல் அவர் அந்தப் பெயரைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். "வா."

சிரிப்பு நின்றது. பிரகாசம் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காகவும் எதையும் அவசரப்படுத்தாத மனிதர் மேடையில் தனியாக நிற்கிறார். என் ஒரு ஜோக்கில் இத்தனை வருஷம் அவர் பொத்திப் பொத்தி வைத்தது போயிற்றே.

அக்கா எழுந்தார். போச்சு, வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அதைத்தான் நினைத்தோம். நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்தார். கதவைத் தாண்டவில்லை. கடைசி வரிசையில் நின்றார்.

"எந்திரிப்பா. கூப்புடறான் இல்ல?"

பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். அக்கா அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"காது கேக்கல? அவன் எவ்ளோ நேரம் நிப்பான்?" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மேடைப் படியில் பிரகாசம் தடுக்கினார், அக்கா விடவில்லை. அக்காவே தட்டிலிருந்த மாலையை எடுத்து, எல்லோரும் பார்க்க, பிரகாசத்தின் கழுத்தில் போட்டார். மெஸ்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பிறகு பரீட்சைப் பிரிவு. பிறகு, தட்டலாமா கூடாதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு, எங்கள் அதிகாரி. யாரோ ஓடிப்போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்தார்கள். நான் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. சங்கத் தலைவர் பிறகு சொன்னார், நான் தொகுத்ததிலேயே சிறந்த விழா அதுதானாம்.

வாசலில் மெஸ்காரர்கள் சரவெடி கொளுத்தினார்கள். மாலையோடு இருவரும் காரின் பின்சீட்டில், அக்கா முன்சீட்டில், பின்னால் வேனில் நாங்கள். செம்மண்டலத்தில் ஆரத்தித் தட்டோடு எதிர்வீட்டம்மா தயாராக நின்றார். காரிலிருந்து இரண்டு மாலைகள் இறங்குவதைப் பார்த்துத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற?" என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கும் சேத்துச் சுத்து."

"அவுங்க மாதா கோயில் வேதக்காரங்களாச்சேக்கா…"

"சுத்துனா கரைஞ்சா பூடுவாரு? சுத்து."

பிரகாசம் நெற்றியை நீட்டினார். தெருவே வெளியே வந்து பார்த்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவை நினைத்துக் கவலை. ஊர்முன்னால் தைரியமாக நின்றுவிட்டார், உள்ளுக்குள் எவ்வளவு உடைந்திருப்பாரோ? சமையல்கட்டுக்குப் போனேன். வேன் ஆட்களுக்கெல்லாம் காப்பி கலந்துகொண்டிருந்தார்.

"அக்கா, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். காலம் மாறிவிட்டது, கோர்ட்டே தப்பில்லை என்று சொல்லிவிட்டது, படித்தவர்கள் எல்லாம் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று, வேனில் தயாரித்து வந்ததை முழுசாகச் சொன்னேன்.

அக்கா காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் செத்தா அவனுக்கு யாரு கஞ்சி வைப்பான்னு தூக்கமில்லாம கெடந்தேன்டா. கஞ்சி வைக்கற ஆளு வாசல்லயே ஒக்காந்திருக்கு, அத வுட்டுட்டு நான் பண்ருட்டியிலயும் புவனகிரியிலயும் தேடிக்கினு அலைஞ்சேன். நீயும் கூடவே வந்து பஜ்ஜி துன்ன. எனக்காச்சும் படிப்பு இல்ல. ஒனக்கு இன்னா கேடு?"